கல்விச் சுற்றுலாவுக்குப் பேருந்து பேசும் முன்

பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும்,



திறந்த மடல் என்றாலே யாரையோ திட்டுவதற்கு என்று ஆகிவிட்டது. இது அப்படியில்லை. கொஞ்சம் குறை சொல்வேன், நிறையக் கெஞ்சுவேன்.

பள்ளி விடுமுறை நெருங்கினால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் பேருந்துகள் வந்து நிற்கும். தமிழ்ப்பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் இறங்குவார்கள். பள்ளிவாசலின் வெள்ளைச் சுவரும் கறுத்த குவிமாடங்களும் பின்னால் தெரிய ஒரு குழுப்படம். ஆர்மீனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் இரண்டு பிள்ளைகளின் சுவரோவியம் முன்னால் இன்னொரு படம். அதற்குப் பிறகு பணம் கட்டி உள்ளே நுழையும் ஏதோ ஒரு கூடம்: நாற்காலி கூரையில் ஒட்டியிருக்கும், பிள்ளைகள் தலைகீழாகத் தொங்குவதுபோல் படம் பிடித்துக்கொள்ளலாம். அதன் வாசலிலும் ‘மியூசியம்’ என்றுதான் எழுதியிருக்கிறது. பெயர் சொல்லப்போவதில்லை, அவர்கள் பிழைப்பு அது. ஆனால் கல்விச் சுற்றுலா என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிய ஒரு நாள் அங்கே போய் முடிவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இன்னும் வசதியுள்ள பள்ளி என்றால் ‘தலைநகரைக் காட்டுகிறோம்’ என்று கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்துக்கு விடியற்காலையில் பேருந்து கிளம்புகிறது. நல்ல இடம்தான். ஆனால் ஜார்ஜ் டவுனும் ஒரு தலைநகர்தானே? நம் மாநிலத்துக்கு இன்றும். 1826 முதல் 1832 வரை சிங்கப்பூரும் மலாக்காவும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் முழுவதற்கும்.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை வரும்போது, இந்தப் பள்ளிவாசல் சாலையையும் அதன் இரு முனைகளில் இருக்கும் காட்சிக்கூடங்களையும் சேர்த்து, 1801-க்கும் 1818-க்கும் இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளை முக்கியமாகப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்தக் காலத்தில் தமிழன் இங்கே என்னவாக இருந்தான் என்பதற்கான தடயங்கள் நடக்கும் தூரத்தில் கிடக்கின்றன. ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் எந்த ஒரு கூடமும் அவற்றைச் சேர்த்து வைத்துச் சொல்வதில்லை. அந்தச் சேர்க்கும் வேலை ஆசிரியருடையது.

வடக்கு முனையிலிருந்து தொடங்குங்கள். ஃபார்குவார் தெருவில் மாநில அருங்காட்சியகத்தின் பழைய கட்டடம். 1965-இல் அருங்காட்சியகமானது, பழுதுபார்ப்புக்காகப் பல ஆண்டுகள் மூடிக்கிடந்ததால் உங்களில் இளைய ஆசிரியர்கள் பலர் உள்ளே போயிருக்கவே மாட்டீர்கள். மெக்கலிஸ்டர் சாலையில் அதன் கிளை இருக்கிறது. எந்தக் கூடம் திறந்திருக்கிறது, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கதவு மூடியிருந்தாலும் ஃபார்குவார் தெருக் கட்டடத்தின் முன் பிள்ளைகளை நிறுத்தலாம். போரில் குண்டு விழுந்து அதன் ஒரு பாதி போயிற்று. எதிரில் நிற்பது மிஞ்சிய பாதி.

அது எதற்காகக் கட்டிய கட்டடம் என்று சொல்லுங்கள். 1816-இல் பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலுக்காக எழும்பியது. 1928-இல் கிரீன் லேனுக்கு இடம் மாறும்வரை அந்தப் பள்ளி இங்கேதான் நடந்தது. 2016-இல் நாடு முழுக்கத் தமிழ்க்கல்விக்கு 200 ஆண்டு என்று விழா எடுத்தோம், மாலை போட்டோம், மலர் வெளியிட்டோம். அந்த 200 என்ற கணக்கு தொடங்குவதே 1816-இல் அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு நடந்ததிலிருந்துதான். விழா மேடைகளில் இதைச் சொன்னவர்களில் எத்தனை பேர் பிள்ளைகளை இந்த வாசலுக்கு அழைத்து வந்தார்கள்? மலேசியாவில் தமிழ் கற்பிக்கும் ஒவ்வொருவருக்கும் இது தாய்வீடு மாதிரி. நீங்களே வராவிட்டால் வேறு யார் வருவார்கள்?

அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் கேப்டன் ராபர்ட் ஸ்மித்தின் எண்ணெய் ஓவியங்கள் இருக்கின்றன. எத்தனை பொருள் இருந்தாலும் பிள்ளைகளை இவற்றின் முன்னால்தான் நெடுநேரம் நிறுத்துவேன். ஸ்மித் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் பொறியாளர். 1818 வாக்கில் இந்தத் தீவின் காட்சிகளை வரைந்தார். அவற்றைப் பார்த்து வில்லியம் டேனியல் 1821-இல் பத்து அச்சோவியங்களை வெளியிட்டார். ஸ்ட்ராபெரி குன்றிலிருந்து தெரியும் காட்சி, அருவி, பெரிய மரம், குளுகோரின் வாசனைப் பயிர்த் தோட்டம், சீனர்களின் ஆலை என்று போகும் அந்த வரிசை. இன்று நாம் பார்க்கும் பினாங்கு மலையும் கடலும்தான். ஆனால் கட்டடம் குறைவு, பச்சை அதிகம். குளுகோரிலிருந்து வரும் பிள்ளைகள் உங்கள் கூட்டத்தில் இருந்தால், தங்கள் ஊரை அவர்களே கண்டுபிடிக்கட்டும். விளக்க அட்டையை முதலில் படிக்க விடாதீர்கள். பத்து நிமிடம் சும்மா பார்க்கட்டும். படத்தில் யார் நிற்கிறார்கள், யார் சுமக்கிறார்கள், யார் குடைக்குக் கீழே இருக்கிறார்கள் என்று அவர்களே எண்ணட்டும். ‘அலுத்துவிடும் டீச்சர்’ என்பார்கள். அலுக்கட்டும், அலுப்புக்குப் பிறகுதான் கண் வேலை செய்யத் தொடங்கும்.

இந்த ஸ்மித் சுவாரசியமான மனிதர். பின்னாளில் டில்லிக்குப் போனவர், நிலநடுக்கத்தில் உச்சி இழந்த குதுப் மினாரைப் பழுதுபார்த்து, தன் கற்பனையில் ஒரு மண்டபத்தையும் அதன் தலையில் கட்டிவைத்தார். கண்ணை உறுத்துகிறது என்று 1848-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிங் அதைக் கீழே இறக்கவைத்தார். இன்றும் அது குதுப் மினார் வளாகப் புல்வெளியில் உட்கார்ந்திருக்கிறது, பெயரே ‘ஸ்மித்தின் மடமை’.

பினாங்கில் அவர் கட்டியது அப்படி ஆகவில்லை. அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818-இல் ஸ்மித்தின் மேற்பார்வையில் முடிந்தது. சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தின் சாயல் இதில் உண்டு என்பார்கள். முன்பு தட்டையான கூரை, 1864-இல் இப்போதுள்ள சரிந்த கூரையாக மாறியது. வெள்ளைத் தூண்கள், கூரான கோபுரம், நல்ல புல்தரை. பிள்ளைகள் ஓடிவிளையாட நினைப்பார்கள். ஓடி முடிக்கட்டும். பிறகு ஒரு கேள்வி: இதைக் கட்டியது யார்? இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகள். கம்பெனிக்கு இந்தத் தீவு வணிகத்துறை மட்டுமில்லை, கடல் தாண்டிய சிறையும்கூட. சாலை போட்டவர்களும் கோட்டைச் சுவர் எழுப்பியவர்களும் அந்தக் கைதிகள்தான். கடற்கரையில் கார்ன்வாலிஸ் கோட்டையின் செங்கல்லிலும் அவர்கள் கை உண்டு. ஸ்மித்தின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. செங்கல் சுமந்தவன் பெயர் எங்கும் இல்லை.

பெயர் தெரிந்த சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகப் பேச வந்தேன்.

கம்பெனியை எதிர்த்துக் கிளர்ந்த மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று சிவகங்கைச் சீமையின் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதை நம் பிள்ளைகள் ஏதாவது ஒரு திரைப்படத்திலோ மேடைப் பேச்சிலோ கேட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டிருக்க மாட்டார்கள். 1802 தொடக்கத்தில் அந்தக் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். கப்பலின் பெயர் ‘அட்மிரல் நெல்சன்’. அதில் சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவர் இருந்தார். சின்ன மருதுவின் மகன் துரைசாமி இருந்தான். அவனுக்கு அப்போது பதினைந்து வயது என்பார்கள். உங்கள் ஆறாம் ஆண்டு மாணவனைவிட மூன்று வயது மூத்தவன். கப்பல் கிளம்பியது பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவுக்கு. அதாவது இங்கே. பினாங்குக்கு.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் படை அதிகாரி தன் படைவாழ்க்கை நினைவுகளை 1830-இல் நூலாக வெளியிட்டார். போருக்கு முன் சின்ன மருதுவோடு பழகியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடம் கற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறார். பிறகு அதே சின்ன மருதுவுக்கு எதிரான படையில் போனார். சிறைப்பட்ட துரைசாமி கப்பலேறும்வரை அவர் பொறுப்பில் இருந்தான். 1818-இல் வெல்ஷ் பினாங்குக்கு வந்தார். தளர்ந்து போன ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். வெல்ஷுக்கு அடையாளமே தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, துரைசாமி. கணக்குப் பார்த்தால் முப்பது வயதைத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். ஊரில் உயிரோடு இருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்று கேட்டார். அதற்கு அனுமதி இல்லை. வெல்ஷ் வாங்கவில்லை.

அதே 1818-இல்தான் தேவாலயம் முடிந்தது. அதே 1818 வாக்கில்தான் ஸ்மித் மலையையும் அருவியையும் வரைந்துகொண்டிருந்தார். ஓவியம் அருங்காட்சியகத்தில், தேவாலயம் பக்கத்தில், துரைசாமி மட்டும் ஒரு ஆங்கில நூலின் பக்கத்தில். மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் பிள்ளைகள் முன்னால் அடுக்கி வைத்தால் அவர்களுக்கு அந்த ஓவியத்தின் பச்சை வேறு மாதிரி தெரியும். எந்த முப்பரிமாணக் கூடமும் செய்ய முடியாத வேலை அது.

இனிச் சாலைக்குள் இறங்குங்கள். பழையவர்கள் இன்றும் பிட் ஸ்திரீட் என்பார்கள். முதலில் குவான் யின் ஆலயம், 1800-இல் சீனர்கள் எழுப்பியது. ஊதுவத்திப் புகை கண்ணைக் கரிக்கும், நீண்ட நேரம் நிற்க முடியாது. அடுத்து நம் மகா மாரியம்மன் கோவில். வாசல் குயின் தெருவில், முதுகு இந்தச் சாலைப் பக்கம். நிலம் 1801-இல் கிடைத்தது, கோவிலாக எழும்பியது 1833-இல். இங்கே நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, உங்களுக்கே தெரியும். நாணயம் மாற்றும் கடைகளின் அஞ்சடி வழியாக நடந்து பள்ளிவாசலுக்கு வாருங்கள்.

பள்ளிவாசல் 1801-இல் தொடங்கியது. கம்பெனியிடம் நிலம் பெற்றுக் கட்டியவர் காதர் முகைதீன், பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த கப்பல் வணிகர் என்பது வழிவழிச் செய்தி. தென்னிந்தியர்களின் தலைவராகக் கம்பெனி அவருக்குக் கப்பித்தான் பட்டம் கொடுத்தது. இப்போது நாம் பார்க்கும் தோற்றம் 1910-இல் கட்டடக் கலைஞர் நியூப்ரோனர் மாற்றிக் கட்டியதும், 1930-களில் நடுக்கூரையை உயர்த்தியதும். காதர் முகைதீன் 1834-இல் காலமானார். பக்கத்துத் தெருவில் அவர் அடக்கத்தலம் இருக்கிறது. பிள்ளைகளை அங்கேயும் அழைத்துப் போங்கள், பேருந்து நிற்கும் இடத்திலிருந்து சில நிமிட நடை.

யோசித்துப் பாருங்கள். 1801-இல் திருப்பத்தூரில் தூக்குமரம். அதே 1801-இல் பினாங்கில் பள்ளிவாசலுக்கு நிலம். இரண்டையும் செய்தது ஒரே கம்பெனி. சோழமண்டலக் கரையிலிருந்து ஒருவர் தன் கப்பலில் வந்து கப்பித்தான் ஆகிறார். தூத்துக்குடியிலிருந்து இன்னொருவர் கம்பெனிக் கப்பலில் கைதியாக வருகிறார். துரைசாமி கடிதத்தோடு வெல்ஷ் முன்னால் நின்ற 1818-இல் காதர் முகைதீனும் இதே ஊரில் வாழ்ந்துகொண்டிருந்தார். நம் மேடைகளில் ஒரு சாரார் கைதியின் கதையை மட்டும் பேசுகிறார்கள், இன்னொரு சாரார் வணிகரின் கதையை மட்டும். எனக்கு இரண்டுமே அரைக் கதையாகத்தான் படுகின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்துச் சொன்னால் குழம்பாது. பெரியவர்கள்தான் குழம்புகிறோம்.

தெற்கே ஆர்மீனியன் தெரு. சுவரோவியத்தோடு திரும்பிவிடாமல் 120-ஆம் எண் வீட்டுக்குள் போங்கள். சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென் 1910-இல் பினாங்கைத் தளமாக வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டின் குவாங்சௌ எழுச்சிக்குப் பணமும் ஆளும் திரட்டினார். அந்த இயக்கத்தின் கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் அந்த வீடு. குறுகலான, நீளமான, நடுவில் வானம் தெரியும் முற்றம் உள்ள வீடு. மேசை, நாற்காலி, பழைய புகைப்படங்கள். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு மனிதர் சில மாதங்கள் தங்கிய ஊரில் அவர் நினைவாக ஒரு வீட்டையே காத்து வைத்திருக்கிறார்கள். பொறாமையாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. சீனச் சமூகத்திடம் பணம் இருக்கிறது, அதனால் செய்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தைப்பூசத்தில் வெள்ளி ரதமும் தங்க ரதமும் இழுக்கும் ஊர் இது.

கூ கொங்சிக்கு நேரம் இருந்தால் போங்கள். செதுக்கு வேலைப்பாட்டை எல்லாரும் காட்டுவார்கள். நீங்கள் வாசலருகே நிற்கும் சீக்கியக் காவலர்களின் கல் உருவங்களைக் காட்டுங்கள். சீனர் தங்கள் குல மண்டபத்தைக் காக்க யாரைக் கல்லில் நிறுத்தினார்கள் என்பது பிள்ளைகளுக்குச் சிரிப்பாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும்.

ஓவியக் கூடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. லைட் தெருவில் தேவான் ஸ்ரீ பினாங்கில் மாநிலக் கலைக்கூடம் இருக்கிறது. ஆர்மீனியன் தெருவில் பாத்திக் ஓவியங்களுக்கென்றே ஒரு கூடம். பாத்திக் துணி நுட்பத்தை ஓவியமாக்கிய சுவா தியான் தெங் இந்த ஊரில் வாழ்ந்தவர். ஆனால் நான் சொல்ல விரும்பும் பெயர் சையத் தாஜுதீன். 1943-இல் இராமநாதபுரம் கடற்கரையின் அழகன்குளத்தில் பிறந்தவர். ரோமானியப் பானைகள் தோண்டியெடுக்கப்பட்டதே, அந்த அழகன்குளம்தான். சிறுவயதில் பினாங்குக்கு வந்தார், பிறகு சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டுத் திரும்பினார். இராமாயணத்தையும் மலாய் மண்ணின் கதைகளையும் ஒரே தூரிகையால் வரைந்தவர். தமிழ்நாட்டு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஒருவர் மலேசிய ஓவியத்தின் முன்வரிசைக்கு வந்தார் என்று நம் பாடநூலில் ஒரு வரி இருக்கலாம். ‘பெரியவன் ஆனதும் என்ன ஆவாய்’ என்ற கேள்விக்கு டாக்டர், வழக்கறிஞர் என்றே எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு அவர் படங்களை வகுப்பிலேயே திரையில் காட்டிவிட்டுக் கூட்டி வாருங்கள்.

செபராங் பிறைப் பள்ளிகள் என்மேல் கோபப்படலாம், எல்லாம் தீவிலேயே இருக்கிறதா என்று. இல்லை. புக்கிட் மெர்தாஜாமில் செயின்ட் ஆன் தேவாலய வளாகத்தில் பல்லவ எழுத்துப் பொறித்த பழம்பாறை ஒன்று கிடக்கிறது. உங்கள் பக்கமே கண்டெடுத்த புத்தகுப்தரின் கல்வெட்டு கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, பாறையை மட்டும் யாராலும் தூக்கிப்போக முடியவில்லை. அதைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டாம், நுழைவுச்சீட்டும் வேண்டாம்.

நடைமுறை விஷயங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், மதியத் தொழுகைக்குப் பள்ளிவாசல் நிறைந்திருக்கும். மற்ற நாளிலும் தொழுகை நேரம் கேட்டுக்கொண்டு போங்கள், வருகையாளர்களுக்கு அங்கி கொடுப்பார்கள். பத்து மணிக்குள் நடையை முடித்துவிட்டால் வெயில் தாங்கும். சாப்பாட்டுக்கு நாசி கண்டார் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். அதுவும் இந்தச் சாலையின் வரலாறுதான், வாங்கிக் கொடுங்கள். நாற்பது பேருக்கு ஒரு ஆசிரியர் போதாது. பெற்றோர் சங்கத்தார் படம் எடுப்பதோடு நிற்காமல் ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளைப் பொறுப்பெடுங்கள். வெல்ஷின் கதையை முன்கூட்டியே நீங்களும் படித்துவிட்டு வாருங்கள். காட்சிக்கூடங்களில் தமிழ் விளக்க அட்டை அரிது. அன்றைக்கு நீங்கள்தான் தமிழ் அட்டை.

கடைசியாக ஒரு வேலை. மாநில அருங்காட்சியக வாரியத்துக்கு 28 பள்ளிகளும் சேர்ந்து ஒரு கோரிக்கை அனுப்ப வேண்டும். பெரிதாக எதுவும் கேட்க வேண்டாம், சிலையும் வேண்டாம், தனி மண்டபமும் வேண்டாம். ஒரே ஒரு பலகை, மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் நான்கிலும். 1802-இல் தூத்துக்குடியிலிருந்து ‘அட்மிரல் நெல்சன்’ கப்பலில் எழுபதுக்கும் மேற்பட்டோர் இந்தத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள்; அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி ஒருவர்; 1818-இல் அவர் இங்கே உயிரோடு இருந்தார். இவ்வளவு போதும். அதை ஸ்மித்தின் ஓவியங்கள் தொங்கும் அதே அறையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், வாசலில் வேண்டாம். தமிழ் வாசகத்தை உங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளே எழுதட்டும், இலக்கணப் பிழையை நீங்கள் திருத்துங்கள். கோரிக்கையில் கையெழுத்திடப் பொதுமக்களும் வேண்டும் என்றால் பள்ளிவாசல் சாலையில் ஒரு மேசை போடுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

இப்படிக்கு,
ஜார்ஜ் டவுன்வாசி ஒருவர்